நசீர் பூட்டாத ஹிச்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் அப்பாவோடு கதைத்ததை, அம்மா நான் குசினியில் இருக்கிற மற்ற ரிசீவரைத் தூக்கிக் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றேன். ஒட்டுக்கேட்டது பிழைதான். ஆனால் இந்தக் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளப் போகிற பிழைகளில் அதுதான் மிகச் சின்னது. நீ கல்கரிக்கு வேலைக்குப் போகிறாய், மருமகள் தர்ஷினிக்கு ஐந்தாம் மாதம், போகிற வழியெல்லாம் ஏரிக்கரைகளில் தங்கிப் போகலாம் என்று ஒஷாவாவில் ஒருவரிடம் பழைய காம்பிங் ட்ரெயிலர் வாங்கியிருக்கிறாய். அதை உன் வான் வண்டிக்குப் பின்னால் கொளுவ எந்த ஹிச், அதுதான் அந்த இரும்புக் கொளுவி, நல்லது என்று அப்பாவிடம் கேட்டாய். பாரத்தைப் பிரிக்கிற ஹிச் என்று ஒன்று இருக்கிறதாமே, அது தேவையா என்று கேட்டாய். அதற்கு அப்பா சொன்ன பதிலை நான் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்: "உதெல்லாம் கடைக்காரன்ர வித்தை மகன். ஒரு நல்ல இரும்பு உருண்டை இருந்தாக் காணும். எங்களுக்கு அண்டைக்கு நடந்தது அந்த நசீர் பூட்டின பிழை. நல்ல கடையாப் பாத்துப் பூட்டு." நீ சிரித்துக்கொண்டு, "ஓமப்பா, நசீர் மாதிரி ஆக்களிட்டப் போகமாட்டன்" என்றாய். அப்பாவும் சிரித்தார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். ஐந்து வருடமாக அந்த மனிதரைப் பற்றி எங்கள் வீட்டில் யாராவது சிரிக்கும்போதெல்லாம் நான் எழும்பி வேறு அறைக்குப் போய்விடுவேன்.

உனக்கு நாங்கள் சொன்ன கதை இதுதான்: நானும் அப்பாவும் காம்பிங் போகும்போது, கராஜ்காரர் நசீர் சரியாக முறுக்காமல் விட்ட ஹிச் கழன்றது, ட்ரெயிலர் ஆடியது, வான் பிரண்டது, என் தொடை எலும்பு முறிந்தது. நீ அப்போது வாட்டர்லூவில் படித்துக்கொண்டிருந்தாய். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாய். நீ நேரில் பார்க்காத ஒன்றை உனக்கு நாங்கள் சொன்னோம், நீ நம்பினாய். பெற்றவர்கள் சொன்னால் நம்பத்தானே வேண்டும். அந்தக் கதையில் உண்மையானது என் தொடை எலும்பு ஒன்றுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த ட்ரெயிலரை அப்பாவுக்குப் பிடித்துக் கொடுத்தது மூர்த்தி அங்கிள். கனடாவில் எந்த விஷயத்தைப் பற்றிக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர் அவர். வருமான வரியா, வாய்ப்புண்ணா, பழைய வீட்டுக் கூரையா, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. ட்ரெயிலரின் உள்ளே எலி மணத்தது. மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தால் கீழே எலிப் புழுக்கை. நான் இரண்டு நாள் மூக்கைக் கட்டிக்கொண்டு கழுவினேன். வெளியில் அப்பாவும் மூர்த்தி அங்கிளும் அதன் பக்கத்தில் மாறிமாறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு அனுப்ப வேண்டுமாம். அந்தப் படம் இப்போதும் எங்கள் அல்பத்தில் இருக்கிறது, பார்த்திருப்பாய்.

பிறகு நாங்கள் மூன்று பேரும் ஸ்காபரோவில் நசீரின் கராஜுக்குப் போனோம். நசீருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் அவருடைய தகப்பன் இரும்புக்கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டு ஆணியும் வாளியும் அந்தக் கடையில் வாங்கியவைதான். நசீர் முன்பே கனடா வந்துவிட்டார். தாய் தகப்பனைத்தான், முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று எங்கள் இயக்கம் சொன்ன அன்று, ஒரு பையோடு துரத்தினார்கள். அவர்கள் அதன் பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில் ஒன்றில் இருந்தார்கள். அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எங்களை வாங்கோ என்பார், தேத்தண்ணி தருவார். நாங்களும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டி வந்துவிடுமே என்ற பயம்.

அன்று அவர் வானுக்கு அடியில் படுத்துப் பார்த்தார், ட்ரெயிலரின் மூக்கை, வானில் கொளுவுகிற முன்முனையை, ஒரு தராசில் வைத்துப் பார்த்தார். எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணை, வெறும் உருண்டையில உதை இழுக்க ஏலாது. மூக்கு பாரம். வானின்ர வாலை அமத்திப்போடும். வால் அமந்தா முன்ரயர் எழும்பும். திருப்பிறதும் பிறேக் பிடிக்கிறதும் முன்ரயர்தானே. அது றோட்டில வடிவாக் குந்தாட்டி நீங்கள் ஸ்ரியறிங்கைப் பிடிச்சு என்ன பிரயோசனம்? பாரம் பிரிக்கிற ஹிச் போடுங்கோ. ரெண்டு பக்கமும் நீட்டுக் கம்பி வரும். அதைச் சங்கிலியால இழுத்துக் கொளுவினா, பாரத்தில ஒரு பங்கு முன்ரயருக்குப் போகும், ஒரு பங்கு ட்ரெயிலர் ரயருக்குப் போகும். வான் மட்டமா நிக்கும். ரெண்டு கிழமை பொறுத்தா எடுத்துத் தருவன்."

ஒரு குழந்தைக்கும் விளங்கும். எனக்கு விளங்கியது. அப்பாவுக்கும் விளங்கியது, அவர் தலையாட்டினார். அந்த நேரத்தில் மூர்த்தி அங்கிள் சிரித்தார். "அடுத்த கிழமை லோங் வீக்கெண்ட். ரெண்டு கிழமையோ? உவங்கள் உப்பிடித்தான், ஒண்டுக்குப் போனா ஒன்பதை விப்பாங்கள்" என்றார். நசீர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மூர்த்தியின் முன்னால் ஏமாந்தவராகத் தெரியக்கூடாது. அவ்வளவுதான் காரணம். அந்தச் சிரிப்புக்காக என் கால் போனது. "உருண்டையை மட்டும் பூட்டும் நசீர், காணும்" என்றார் அப்பா. நசீர் இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு வேலை விபரம் எழுதுகிற துண்டுக் கடதாசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்: பாரம் பிரிக்கும் ஹிச் வேண்டும் என்று சொல்லப்பட்டது, வாடிக்கையாளர் வேண்டாம் என்றார். அப்பா அதன் கீழே கையெழுத்து வைத்தார். நசீர் என்னைப் பார்த்து, "அக்கா, ஒண்டு மட்டும். பாரமான சாமானைப் பின்னுக்கு ஏத்தவேண்டாம். நடு ரயருக்கு மேலயும் கொஞ்சம் முன்னுக்கும் வையுங்கோ. பின்னுக்கு வைச்சா வாலாட்டும்" என்றார். துண்டை மடித்து நான்தான் கைப்பைக்குள் வைத்தேன். வரும் வழியில் அப்பா, "இரும்புக்கடைக்காரன்ர பொடியன் எனக்குப் படிப்பிக்கிறான்" என்றார். மூர்த்தி அங்கிள் மறுபடி சிரித்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகிற நாள் காலை ட்ரெயிலரைக் கொளுவியதும் வானின் பின்பக்கம் அப்படியே கீழே குந்திவிட்டது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. நசீர் சொன்னது அப்படியே கண்முன்னால். மனைவியோடு தன் காரில் எங்களுக்குப் பின்னால் வர வந்திருந்த மூர்த்தி அங்கிள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு சிம்பிள் வழி இருக்கு" என்றார். ட்ரெயிலருக்குள் இருந்த அரிசி மூட்டை, தண்ணிக் கலன்கள், ஐஸ் பெட்டி, காஸ் சிலிண்டர், எல்லாவற்றையும் பின்கோடிக்கு மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். ட்ரெயிலரின் பின்பக்கம் பாரமானதும் மூக்கு எழும்பியது, வானின் வாலும் எழும்பியது. எல்லாம் மட்டமாக நின்றது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அப்பா கைதட்டினார். நான் சொன்னேன், "இஞ்சருங்கோ, பின்னுக்குப் பாரம் வைக்கவேண்டாம் எண்டு நசீர் சொன்னவர்." ஒரு தரம் சொன்னேன், ஒரே ஒரு தரம். "நீர் சும்மா இரும்" என்றார் அப்பா. நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தது மட்டுமில்லை, அந்த வானுக்குள் ஏறி சீற்பெல்ற்றும் போட்டுக்கொண்டு இருந்தேன். இறங்கி நின்றிருக்கலாம். நான் வரவில்லை என்று சொல்லியிருந்தால் அப்பா கத்தியிருப்பார், மூர்த்தியின் மனைவி பார்த்திருப்பாள், அவ்வளவுதான். அதற்கே எனக்குத் துணிவு வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பாரி நகரம் தாண்டிப் போய் ஒரு நீண்ட இறக்கம். எங்களைத் தாண்டி ஒரு பெரிய லொறி போனது. அது தள்ளிய காற்றில் ட்ரெயிலர் மெல்ல ஆடியது. ஒருதரம் இந்தப் பக்கம், ஒருதரம் அந்தப் பக்கம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. பின்னாலிருந்து யாரோ வானின் இடுப்பைப் பிடித்து உலுப்புவதுபோல இருந்தது. அப்பா பயந்து பிறேக்கை மிதித்தார். வான் நின்றது, ட்ரெயிலர் நிற்கவில்லை. அது எங்களைச் சுற்றித் தள்ளியது. புல்லுப் பள்ளத்துக்குள் என் பக்கமாகப் பிரண்டோம். அப்பாவுக்கு நெற்றியில் ஒரு கீறல். எனக்குத்தான் கால். என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது நான் திரும்பிப் பார்த்தேன். ட்ரெயிலர் வானோடு கொளுவியபடியே கிடந்தது. இரும்பு வளைந்திருந்தது, ஆனால் கழரவில்லை. நசீர் முறுக்கிய போல்ற் ஒன்றுகூட அசையவில்லை. பின்னால் காரில் வந்த மூர்த்தி அங்கிள் றோட்டோரம் நின்றுகொண்டு முதல் சொன்ன வசனம், "ஹிச் கழண்டிட்டுது போல." கொளுவியிருந்த ஹிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்பா நெற்றியைத் துடைத்தார். பிறகு, "ஓம், நசீர் சரியாப் பூட்டேல்லப் போல" என்றார். என் கண்முன்னால்தான் அந்தப் பொய் பிறந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா அதையே சொன்னார். தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தவர்கள் என் கட்டிலைச் சுற்றி நின்று கேட்டார்கள். ஒரு கிழமைக்குள் கதை வளர்ந்தது. முறுக்காமல் விட்டவர், பழைய போல்ற்றைப் போட்டவர் ஆனார். பிறகு ஒருவர் வந்து, "உவை எங்களில கோவத்தில வேணுமெண்டே செய்வினம் அண்ணை, ஊரில நடந்ததை மறப்பினமோ" என்றார். அந்த அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரில் நடந்தது அவர்களுக்கு நாங்கள் செய்தது. அதையே காரணமாக வைத்து இங்கேயும் அவரை அடித்தோம். அப்பா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்று இன்றைக்கும் சொல்வார். உண்மைதான், அவர் சொல்லவில்லை. தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

இனி என் பங்கு. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், கைப்பைக்குள் மருந்துச்சீட்டைத் தேடும்போது நசீரின் துண்டு கையில் வந்தது. அப்பாவின் கையெழுத்தோடு. அப்பா அதைப் பார்த்தார். கிழி என்றோ எறி என்றோ அவர் சொல்லவில்லை. "இதை ஆரும் பாத்தா என்னைப் பற்றி என்ன நினைப்பினம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிவி பார்க்கப் போனார். நான் ஊன்றுகோலோடு கதவைத் திறந்து, கொரிடோரின் கோடிவரை நடந்து, குப்பைக் குழாயைத் திறந்து அதைப் போட்டேன். எட்டு மாடி கீழே போகும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அது ஒரு கடதாசிதானே. ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். அப்பாவைக் காப்பாற்ற என்று சொன்னால் அதுவும் பொய். என் காலை முறித்தது என் புருஷனின் வீம்பு என்று நினைத்துக்கொண்டு தினமும் அவருக்குச் சோறு போட என்னால் முடியாது என்று பட்டது. வெளியே ஒரு குற்றவாளி இருந்தால் எனக்கு வசதி. அந்த வசதிக்காக ஒரு மனிதரைக் குப்பைக் குழாய்க்குள் போட்டேன்.

நசீரின் கராஜுக்கு எங்கள் ஆட்கள் போவது நின்றது. அங்கே போன வாகனம் எல்லாம் எங்கள் ஆட்களுடையதுதான். ஒரு வருடத்துக்குள் கராஜைப் பூட்டிவிட்டு, பிறம்ரனில் லொறி திருத்துகிற ஒரு யார்ட்டில் சம்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில்தான் நீயும் நானும் ஒரு தமிழ்க் கடையில் அவரைக் கண்டோம். நினைவிருக்கிறதா? கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவர் உன்னைக் கண்டு, "தம்பி, அம்மாக்குக் கால் இப்ப எப்பிடி?" என்று கேட்டார். நீ அவரை மேலும் கீழும் பார்த்து, "உங்களாலதான் உப்பிடி நடக்கிறா" என்றாய். கடையில் எல்லோரும் திரும்பினார்கள். அவர் பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். நான் இரண்டு அடி தள்ளி, பயத்தம்பருப்புப் பக்கற்றைப் பிடித்தபடி நின்றேன். காரில் வரும்போது நீ எனக்காகக் கோபப்பட்டதை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை எழுதுவதற்குத்தான் கை இவ்வளவு நேரம் தயங்கியது.

ஆகவே, ஞாயிறு நீயும் அப்பாவும் சிரித்த பிறகு, செவ்வாய்க்கிழமை நான் மூன்று பஸ் மாறி பிறம்ரனுக்குப் போனேன். அப்பாவிடம் பல் டொக்டரிடம் என்று சொன்னேன். யார்ட்டில் நசீர் ஒரு லொறிக்குக் கீழிருந்து வந்தார். தலைமயிர் நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார், என் காலைப் பார்த்துத்தான். நான் நின்றபடியே எல்லாவற்றையும், நீ ட்ரெயிலர் வாங்கியதையும் சொன்னேன். துண்டை எறிந்ததையும் சொன்னேன். அவர் கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு சொன்னார்:

"அக்கா, அந்தத் துண்டு ரெண்டு கொப்பி. மற்றது என்னட்ட இருந்தது. இப்பவும் வீட்டில கிடக்கு."

நான் கேட்டேன்: "அப்ப ஏன் தம்பி ஒருத்தருக்கும் காட்டேல்ல?"

"ஆருக்குக் காட்டுறது? ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே. நடந்தது என்னெண்டு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தாக் காட்டியிருப்பன். நீங்கள்தான் முதல் ஆள். நீங்களும் கேக்க வரேல்ல, சொல்லத்தானே வந்தனீங்கள்."

நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மகன்ர ஹிச்சைப் பற்றிக் கேளுங்கோ, சொல்லுறன். அது உயிர் விஷயம். மற்றதை என்னட்டச் சொல்லாதேங்கோ. எனக்கு உண்மை தெரியும். தெரியாத ஆக்களிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

அவர் சொன்னதை நான் அங்கேயே ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டேன். கவனமாக வாசி. முதலில் ட்ரெயிலரை நீங்கள் போகிற மாதிரியே ஏற்ற வேண்டும். தண்ணி, காஸ், உடுப்பு, குழந்தைக்கென்று வாங்கியது, எல்லாம். வெறும் ட்ரெயிலரின் பாரத்தைப் பார்த்து ஹிச் வாங்குகிறவன் ஏமாந்தவன். ஏற்றியபின் லொறிகள் நிறுக்கிற தராசில் நிறு. அதன் பிறகு மூக்குப் பாரத்தைத் தனியே நிறு. அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது, பத்தில் ஒன்றரைப் பங்குக்கு மேலே போகவும் கூடாது. குறைந்தால் ஆடும், அதுதான் எங்களுக்கு நடந்தது. வானின் பின்கோடியில் வைக்கிற பெட்டிகளின் பாரத்தையும் அந்த மூக்குப் பாரத்தோடு கூட்டு. அதற்குப் பொருத்தமான கம்பி எடு. பெரிதாக இருக்கட்டும் என்று மிகத் தடித்த கம்பி எடுத்தால் அது வளைந்து கொடுக்காது, வானையும் ட்ரெயிலரையும் அடித்தே உடைக்கும். மெல்லியது எடுத்தால் இருந்தும் இல்லாததுபோல. உன் வானில் ஏற்கெனவே பூட்டியிருக்கிற சதுரக் குழாய் எவ்வளவு தாங்கும் என்று அதிலேயே ஒட்டியிருக்கும், அதையும் பார்க்காமல் வாங்காதே. ஆட்டத்தைப் பிடிக்கிற கட்டை வேறாக வரும், அதையும் போடு. பின்னுக்கு எடுக்கும்போது மறக்காமல் அதைக் கழற்று. ட்ரெயிலருக்குக் கரண்ட் பிறேக் இருக்கிறதென்றால், அதை அமத்துகிற பெட்டி உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். ட்ரெயிலர் ஆடத் தொடங்கினால் கால் பிறேக்கை மிதிக்காதே. காஸ் பெடலிலிருந்து காலை எடு, ஸ்ரியறிங்கை நேராகப் பிடி, கையால் ட்ரெயிலர் பிறேக்கை மட்டும் அமத்து. கடைசியாக அவர் சொன்னது: "எந்த ஹிச்சும் பிழையா ஏத்தின பாரத்தைத் திருத்தாது அக்கா. அதை வடிவாச் சொல்லுங்கோ அவருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், எங்கே போனேன் என்று சொன்னேன். உனக்கு எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "மகன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்?" உன் வான் பிரளுமா, தர்ஷினிக்கு என்ன ஆகும் என்று இல்லை. அதன் பிறகு மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. முப்பது வருடம் அவரோடு வாழ்ந்தேன், நல்லதும் நடந்திருக்கிறது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட வாய்க்கு அன்று சோறு போட என் கை வரவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார்.

நசீர் சொன்னதுபோல, தெரியாத ஆக்களிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அன்று கட்டிலைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். மூர்த்தியின் மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் பழங்கதை அக்கா, விடுங்கோ. அது சரி, றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு ஞாயிறு வாறியளோ?" என்றாள். இன்னொருவர், "பாவம் அந்தாள்" என்று சொல்லிவிட்டு உடனே தன் மகளின் அரங்கேற்றத்தைப் பற்றித் தொடங்கினார். எல்லாரையும்விட எனக்கு வெறுப்பு வரவைத்தவர் நேற்றுக் கதைத்தவர். "எனக்கு அப்பவே தெரியும், ஹிச் கழரேல்ல எண்டு. உங்கட குடும்ப விஷயம், ஏன் தலையிடுவான் எண்டு இருந்தனான்" என்றார். அப்பவே தெரியுமாம். தெரிந்துகொண்டே நசீரின் கராஜைத் தாண்டி வேறு கராஜுக்குப் போனவர். நான் ரிசீவரை வைத்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பிறகு அடுத்த நம்பரைச் சுழற்றினேன். இன்னும் பல வீடுகள் இருக்கின்றன. எல்லோருக்கும் சொல்லித்தான் முடிப்பேன்.

இந்தச் சனி இல்லை, அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நசீர் யார்ட்டில் இருப்பார். ஹிச்சையும் இரண்டு மூன்று தடிப்பில் கம்பிகளையும் அவர் எடுத்து வைத்திருப்பார், நிறுத்த பிறகு பொருத்தமானதைப் பூட்டுவார். ட்ரெயிலரை முழுதாக ஏற்றி வை, யார்ட் லொறி வந்து அதை இழுத்துக்கொண்டு போகும், நீ வானில் போ. தர்ஷினியையும் முன் சீற்றில் இருத்திக்கொண்டு போ, அவளின் பாரமும் கணக்குத்தான் என்று அவர் சொன்னார். முன்ரயருக்கு மேலே வானின் வளைவு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று மூன்றுதரம் அளப்பார்: கொளுவமுதல், கொளுவியபின், கம்பியை இழுத்துப் பூட்டியபின். மூன்றாவது அளவு முதலாவதுக்குக் கிட்ட வரவேண்டும், வராவிட்டால் சங்கிலியில் ஒரு வளையம் மாற்றுவார். அவர் அவசரப்படமாட்டார். நீயும் அவசரப்படாதே.

நான் வரமாட்டேன். நான் நின்றால் நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய், இது உன் வாயால் நடக்கவேண்டியது. அந்தக் கடையில் நீ சொன்னது என் பொய்யை நம்பித்தான், ஆனால் சொன்னது உன் வாய். யார்ட்டில் அவரோடு வேலை செய்கிற நாலைந்து பேர் நிற்பார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்துக்கொண்டு நிற்காதே. நீங்கள் நல்ல மனிதர் என்று அவரிடம் சொல்லாதே, அது அவருக்குத் தேவையில்லை. நாங்கள் பொய் சொன்னோம் என்று சொல். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்.

அம்மா